கடல் நார்ப் பொடி: 60 பை, 2,580 ரூபாய், ஒரு டம்ளர் கெட்டிப்போன மோர்

இரண்டு டப்பா வாங்கினேன், ஒவ்வொன்றிலும் 30 பை, டப்பா 1,290 ரூபாய். 55 பை குடித்தாயிற்று, 5 பை மீதி. மறுபடி வாங்க மாட்டேன். ஆனால் "சுத்த ஏமாற்று, குப்பையில் போடு" என்று ஒரு வரியில் முடிக்கவும் மனசு வரவில்லை, ஏனென்றால் பொடி வயிற்றுக்கு ஏதோ செய்தது, டப்பாவில் போட்டிருந்ததை மட்டும்தான் செய்யவில்லை. எது செய்தது, ஏன் செய்தது என்று தோண்டப் போய் இரண்டு மாதத்தில் பாசியைப் பற்றி நான் படித்தது அந்தப் பொடியைவிட ருசியாக இருந்தது. பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே மாதிரி நீல டப்பா, அலைப்படம், ஒரு ஜப்பானிய எழுத்து என்று நாலைந்து கம்பெனி விற்கிறது, எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

ஏன் வாங்கினேன் என்றால், எனக்கு 47 வயது, பார்டர் சர்க்கரை. எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்கிற ரத்தப் பரிசோதனை) 6.1. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்று 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னதே, அந்த 13.6 கோடியில் ஒருத்தன். டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "மாத்திரை இப்ப வேண்டாம் சார். நடங்க, சோத்தைக் குறைங்க, நார்ச்சத்தைக் கூட்டுங்க." உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார் என்கிறது. காலையில் இட்லி, மத்தியானம் வெள்ளைச் சோறு, இரவு தோசை, நடுவில் இரண்டு காபி என்று ஓடுகிற ஆளுக்கு அது எங்கிருந்து வரும். அன்று ராத்திரியே போனில் விளம்பரம் வந்துவிட்டது. டாக்டரிடம் பேசியது அதற்கு எப்படித் தெரிந்தது என்பது தனிக் கதை.

விளம்பரத்தில் மூன்று வாக்குறுதி. ஆழ்கடலின் நார்ச்சத்து, குடலின் நல்ல பாக்டீரியாவுக்கு விருந்து, சர்க்கரையையும் எடையையும் சீராக்கும்.

ஆழ்கடல் என்பதே முதல் கோணல். பாசி வெயிலைத் தின்று வளர்வது, வெளிச்சம் எட்டாத ஆழத்தில் அதற்கு என்ன வேலை? பாம்பன், மண்டபம் பக்கம் போய்ப் பாருங்கள், கரையை ஒட்டிய பாறையிலும் தீவைச் சுற்றிய மேட்டிலும் பெண்கள் முங்கி எடுப்பதுதான் பாசி. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

அப்புறம் டப்பாவின் பின்பக்கம். எழுத்து எறும்பு அளவு, போன் கேமராவில் பெரிதாக்கித்தான் படித்தேன். 5 கிராம் பையில் இனுலின் (இன்சுலின் இல்லை, இதுவும் ஒரு நார்) 2.4 கிராம், சோடியம் ஆல்ஜினேட் 1 கிராம், "கடற்பாசிச் சாறு" 250 மில்லிகிராம், மீதி மால்டோடெக்ஸ்ட்ரின், சுக்ரலோஸ், எலுமிச்சை மணம். கடல் நார் என்று காசு கொடுத்து வாங்கியதில் கடலில் இருந்து வந்தது மொத்தம் ஒண்ணேகால் கிராம். பாதிக்குக் கிட்ட இருக்கிற இனுலின் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெரும்பாலும் சிக்கரிக் கிழங்கிலிருந்து. ஆமாம், நம் காபிப் பொடியில் கலக்கிற அதே சிக்கரி. (காபியில் இருக்கிறதே, அது போதாதா என்று என் மைத்துனன் கேட்டான். போதாது, வறுக்கிற சூட்டில் இனுலின் நிறையச் சிதைந்துவிடும்.) மால்டோடெக்ஸ்ட்ரின் இன்னும் வேடிக்கை, அது மாவுச்சத்தை உடைத்துச் செய்வது, சர்க்கரையை வேகமாக ஏற்றக்கூடியது. ஒரு கிராம் சொச்சத்தில் பெரிய கெடுதல் ஒன்றும் வராது என்றாலும், சர்க்கரையைச் சீராக்குகிறேன் என்று சொல்லுகிற பைக்குள் அதைப் பார்க்கும்போது சிரிப்புதான் வந்தது.

குடிக்கிற கதைக்கு வருகிறேன். குளிர்ந்த தண்ணீரில் பொடியைக் கொட்டினால் மேலே மிதந்து, ஓரத்தில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்கிறது, கட்டிக்குள் உடைத்துப் பார்த்தால் பொடி காய்ந்தபடியே இருக்கிறது. ஸ்பூனால் கலக்கிப் பயன் இல்லை. மூடி போட்ட பாட்டிலில் முதலில் தண்ணீர், அப்புறம் பொடி, உடனே நன்றாகக் குலுக்கி, இரண்டு நிமிஷத்துக்குள் குடித்துவிட வேண்டும். தாமதித்தால் கஞ்சி போல ஆகிவிடும். ருசி பரவாயில்லை, எலுமிச்சை மிட்டாயை ஊறவைத்த தண்ணீர் மாதிரி, கடைசி வாயில் மட்டும் லேசாக ஒரு கொழகொழப்பு.

மூன்றாம் நாள் புத்திசாலித்தனமாக மோரில் போட்டேன். தண்ணீரைவிட மோர் வயிற்றுக்கு நல்லதுதானே, இரண்டு நல்லது ஒன்றாகச் சேரட்டும் என்று. ஐந்து நிமிஷம் கழித்து டம்ளரைச் சாய்த்தால் மோர் வரவில்லை. நூல் நூலாக, கட்டி கட்டியாக, ஜவ்வரிசிக் கூழும் தயிரும் சண்டை போட்ட மாதிரி ஒன்று வந்து விழுந்தது. கெட்டுப்போன சரக்கு என்று கம்பெனிக்குக் கோபமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, பிறகுதான் காரணத்தைப் படித்தேன். குறை அவர்கள் மேல் இல்லை. ஆல்ஜினேட் என்பது பழுப்பு நிறப் பாசியின் செல் சுவரில் இருக்கிற மூலக்கூறுச் சங்கிலி. சோடியத்தோடு இருக்கும்வரை தண்ணீரில் கரையும். கால்சியத்தைக் கண்டால் இரண்டு சங்கிலிகள் நடுவில் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பூட்டிக்கொள்ளும், உடனே ஜெல். பால், தயிர், மோர் எல்லாம் கால்சியம். போதாக்குறைக்கு மோரின் புளிப்பும் அதைக் கெட்டியாக்கும்.

ஆனால் அந்த டம்ளர் மோர்தான் எனக்கு விஷயத்தைப் புரியவைத்தது. இரைப்பையின் அமிலத்திலும் இதேதான் நடக்கிறது. பொடி உள்ளே போய்க் கூழாகிறது, கூழ் வயிற்றை அடைத்துக்கொண்டு மெதுவாக நகர்கிறது, பசி கொஞ்சம் தள்ளிப்போகிறது, சோற்றின் சர்க்கரை ரத்தத்துக்குப் போகிற வேகமும் கொஞ்சம் குறையலாம். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற கெவிஸ்கான் மருந்தில் இருப்பதும் இதே ஆல்ஜினேட்தான், அங்கே அது அமிலத்தின் மேல் ஒரு படலமாக மிதந்து, மேலே ஏறாமல் தடுக்கிறது. இதில் பாக்டீரியாவுக்கு எந்தப் பங்கும் இல்லை, வெறும் கூழ் செய்கிற வேலை. விளம்பரத்தில் இந்தப் பக்கமே காணோம், பாக்டீரியா விருந்துதான் அதில் பெரிதாக இருக்கிறது.

அந்த விருந்து என்ன என்று பார்ப்போம். நார் என்பது நம் சிறுகுடலால் உடைக்க முடியாத சங்கிலி. அது அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே இருக்கிற பாக்டீரியாக்களில் எதற்காவது அந்தச் சங்கிலியை வெட்டுகிற கத்திரி, அதாவது நொதி இருந்தால் அது வெட்டித் தின்னும், தின்று அசிடேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்று மூன்று சின்னக் கொழுப்பு அமிலங்களை வெளியே விடும். பியூட்டிரேட் பெருங்குடலின் உள்தோலுக்கே சாப்பாடு. புரோப்பியோனேட் கல்லீரலுக்குப் போகிறது. குடல் சுவரில் இருக்கிற சில செல்கள் இந்த அமிலங்களை உணர்ந்து ஜிஎல்பி-1 என்கிற ஹார்மோனைச் சுரக்கின்றன, அது இன்சுலினைத் தூண்டும், பசியைக் குறைக்கும். இது வரைக்கும் நல்ல அறிவியல். "இயற்கை ஜிஎல்பி-1" என்று டப்பாவில் எழுதுவதுதான் எல்லை மீறல். உடம்பு சுரக்கிற ஜிஎல்பி-1 ரத்தத்தில் ஓரிரு நிமிஷத்தில் உடைந்துவிடும். எடை குறைக்கப் போடுகிற செமாக்ளூடைடு ஊசி ஒரு வாரம் நிற்கும்படி செய்யப்பட்டது. ஒரு பை பொடியை அதோடு ஒப்பிடுவது அகல் விளக்கைக் காட்டிக் கலங்கரை விளக்கம் என்று சொல்வது.

இதிலும் முக்கியமான வார்த்தை "கத்திரி இருந்தால்" என்பதுதான். கடற்பாசி நார் என்று ஒரு பொருள் கிடையாது. பழுப்புப் பாசியில் ஆல்ஜினேட், லேமினாரின், ஃபியூக்காய்டன். பச்சைப் பாசியில் உல்வான். சிவப்புப் பாசியில் அகர், கராஜீனன், போர்ஃபிரான். ஒவ்வொன்றும் வேறு சங்கிலி, வேறு பூட்டு. காய்கறியையும் தானியத்தையும் தின்று பழகிய பாக்டீரியாவிடம் அந்தப் பூட்டுக்கெல்லாம் சாவி இருக்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த கதை ஒன்று. 1881-ல் ஜெர்மனியில் கிருமி ஆராய்ச்சியாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் பாக்டீரியாவை வளர்க்க ஜெலட்டினைப் பயன்படுத்தினார்கள். அது சூட்டில் உருகியது, சில பாக்டீரியா அதையே தின்று நீராக்கியது. அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, வெயில் காலத்திலும் தன் வீட்டு ஜெல்லி உருகாமல் நிற்பதற்குக் காரணமான பொருளைச் சொன்னார். அதுதான் அகர். ஜாவாவில் இருந்துவிட்டு வந்த பக்கத்து வீட்டார் மூலம் சின்ன வயதில் தெரிந்துகொண்ட சமையல் சாமான். அகர் அகர் என்ற சொல்லே மலாய். இன்றைக்கும் உலகத்து லேப் எல்லாம் அந்த ஜெல்லித் தட்டில்தான் கிருமி வளர்க்கின்றன. ஏன்? அந்தத் தட்டைப் பெரும்பாலான பாக்டீரியாவால் தின்ன முடியாது என்பதால்தான்! சில கடல் பாக்டீரியாவும் குடலில் வாழும் ஒன்றிரண்டும் மட்டும் விதிவிலக்கு. அப்படிப்பட்ட பொருளின் குடும்பத்தைக் காட்டி "நல்ல பாக்டீரியாவுக்கு விருந்து" என்று மொட்டையாகச் சொன்னால், எந்தப் பாசி, எந்த பாக்டீரியா என்று கேட்கத்தானே தோன்றும். கேட்டேன். பாசியின் பெயர் என்ன என்ற என் இரண்டாவது மின்னஞ்சலுக்கு வந்த பதில்: எங்கள் தயாரிப்பு நூறு சதவீதம் இயற்கையானது. சரி.

ஜப்பானிய எழுத்தை டப்பாவில் ஏன் போட்டிருக்கிறார்கள் என்பதற்கும் ஒரு பின்னணி இருக்கிறது, அது டப்பாக்காரர்களுக்கே எதிராகப் பேசுகிறது. 2010-ல் பிரான்சின் ரோஸ்கோஃப் கடல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர்கள் நேச்சர் இதழில் எழுதியது. சூஷியைச் சுற்றுகிற நோரிப் பாசியில் இருக்கும் போர்ஃபிரானை வெட்டுகிற நொதியை ஒரு கடல் பாக்டீரியாவில் கண்டுபிடித்தார்கள். அதே மரபணு வேறு எங்கே இருக்கிறது என்று தேடினால் ஜப்பானியர்களின் குடலில் வாழ்கிற பாக்டீராய்டஸ் பிளீபியஸ் என்ற பாக்டீரியாவில் இருந்தது. 13 ஜப்பானியர்களின் குடல் மரபணுத் தொகுப்பையும் 18 வட அமெரிக்கர்களுடையதையும் ஒப்பிட்டார்கள், ஜப்பானியர் பக்கம் தென்பட்டது, அமெரிக்கர் பக்கம் ஒன்றுகூட இல்லை. தலைமுறை தலைமுறையாக நோரியோடு உள்ளே போன கடல் பாக்டீரியா, தன் கத்திரியைக் குடல் பாக்டீரியாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது என்பது அவர்கள் முடிவு. சோறும் சாம்பாரும் தின்று வளர்ந்த என் குடலிடம் போய் ஜப்பான்காரன் குடலின் பலனை 1,290 ரூபாய்க்குக் கேட்கலாமா?

இனி என் வயிறு சொன்னது. முதல் வாரம் ஒரே வாயு. ஆபீசில் மீட்டிங்கில் உட்கார முடியவில்லை என்ற அளவுக்கு. "பாக்டீரியா வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது" என்று டப்பாவோடு வந்த துண்டுச் சீட்டு பெருமைப்பட்டது. செய்யத்தான் செய்தது, ஆனால் பெரும்பாலும் சிக்கரி இனுலினை. அது பெருங்குடலில் வேகமாக நொதிக்கிற ரகம், எவ்வளவு பேருக்கு உப்புசம் கொடுக்கிறது என்பது ஊரறிந்தது. இரண்டாம் வாரம் அரைப் பையாகக் குறைத்தேன், பிறகு மெல்ல ஏற்றினேன், அடங்கியது. நல்லதைச் சொல்ல வேண்டும் என்றால், வருஷக் கணக்காக இருந்த காலைச் சிக்கல் போயே போயிற்று. முக்கல் முனகல் இல்லாமல் ஐந்து நிமிஷத்தில் வெளியே வருகிறேன், வீட்டில் மற்றவர்களுக்கும் சந்தோஷம். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் குடித்த நாட்களில் ஒரு தோசை குறைந்தது, அதுவும் உண்மை. ஆனால் அரை லிட்டர் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு உட்கார்ந்தாலும் எனக்கு அரைத் தோசை குறைகிறது, அதையும் சோதித்தேன்.

சர்க்கரைக்கு வீட்டு மீட்டர் வைத்து ஒரு சின்னக் கூத்து. நாலு இட்லி, ஒரே சட்னி, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தது. பொடி இல்லாமல் மூன்று நாள்: 168, 159, 163. பொடியோடு மூன்று நாள்: 157, 171, 149. கடைசி எண்ணைப் பார்த்து முதலில் துள்ளினேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, வீட்டு மீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ தரமே 100-க்கு மேல் 15 சதவீதம் முன்னே பின்னே காட்டலாம் என்று அனுமதிக்கிறது. 160-ல் 15 சதவீதம் என்றால் 24. என் துள்ளல் மொத்தமும் அந்த 24-க்குள் அடக்கம். எட்டு வாரம் கழித்து எச்பிஏ1சி 6.0. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "நடக்கிறீங்களா சார்?" என்றார். நடக்கிறேன். "அப்ப நடங்க" என்றார். பொடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆய்வில் எல்லாம் எடை குறைந்ததே என்று கேட்பீர்கள். கோபன்ஹேகனில் 2012-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று இருக்கிறது, ஆல்ஜினேட்டுக்கு இது முக்கியமானது. பருமனான 96 பேர், 12 வாரம், எல்லாருக்கும் கலோரி குறைத்த சாப்பாடு, ஒரு பாதிக்கு மட்டும் வேளைக்கு அரை லிட்டர் ஆல்ஜினேட் பானம், நாளைக்கு மூன்று வேளை. கடைசி வரை தாக்குப்பிடித்த 80 பேரை மட்டும் எடுத்தால் ஆல்ஜினேட் குடித்தவர்கள் சராசரி 6.78 கிலோ, மற்றவர்கள் 5.04 கிலோ குறைந்தார்கள். பாதியில் ஓடியவர்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. கவனிக்க வேண்டியது அளவு. அங்கே நாளைக்குப் பத்து கிராமுக்கு மேல் நார், ஒன்றரை லிட்டர் பானம். என் பையில் 1 கிராம், ஒரு டம்ளர் தண்ணீர். அந்த ஆய்வின் பெயரைச் சொல்லி இந்தப் பையை விற்பது, பிரியாணிக்கான பேரைச் சொல்லிப் பட்டை கிராம்பை மட்டும் பரிமாறுவது.

ஜப்பானில் அகருக்கு நடந்த ஆய்வும் உண்டு, 2005-ல் வந்தது. பருமனும் சர்க்கரைக் கோளாறும் உள்ள 76 பேர், 12 வாரம், எல்லாருக்கும் பாரம்பரிய ஜப்பானியச் சாப்பாடு, ஒரு பாதிக்கு அகர் ஜெல்லியும். ஜெல்லிக்காரர்கள் 2.8 கிலோ, மற்றவர்கள் 1.3 கிலோ. அந்த வருஷம் ஜப்பானில் அகருக்கு அடிதடியே நடந்தது, கடைகளில் சரக்கு தீர்ந்துபோகிற அளவுக்கு மோகம். இதிலும் நான் பார்ப்பது அந்தக் கூழ் வேலையைத்தான்: கலோரி இல்லாத ஜெல்லி வயிற்றை நிரப்புகிறது, ஒரு கவளம் குறைகிறது.

எல்லாப் பாசி நாரும் சாது என்றும் நினைத்துவிட வேண்டாம். கராஜீனன் என்று ஒன்று, ஐஸ்கிரீம், சாக்லேட் பால் லேபிளில் ஐஎன்எஸ் 407 என்று இருக்கும், ராமேஸ்வரம் பக்கம் மூங்கில் மிதவையில் பெண்கள் வளர்க்கிற கப்பாஃபைகஸ் பாசியிலிருந்து எடுப்பது இதுதான். 2024-ல் ஜெர்மனியின் ட்யூபிங்கனில் 20 இளைஞர்களுக்கு இரண்டு வாரம் நாளைக்கு அரை கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் இன்சுலின் வேலையில் மாற்றம் இல்லை, ஆனால் குடல் சுவரின் கசிவு கூடியது, உடல் எடை கூடுதலாக இருந்தவர்களிடம் இன்சுலினுக்கு உடம்பு கேட்பது குறைந்தது. 20 பேரை வைத்துப் பயமுறுத்த நான் தயாரில்லை. ஆனால் தொப்பையும் பார்டர் சர்க்கரையும் உள்ள நான், "கடற்பாசிச் சாறு" என்று மட்டும் எழுதியிருக்கிற 250 மில்லிகிராம் எந்தப் பாசி என்று கேட்டதில் தப்பே இல்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. என் மனைவிக்குத் தைராய்டு, அயோடின் அளவுக்கு மீறினால் அதற்கு ஆகாது. பெரியவர்களுக்கு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். ஜப்பானியர் சூப்புக்குப் போடுகிற கொம்பு என்கிற பாசியில் (பெயரே அதுதான், மாட்டுக் கொம்பு இல்லை) காய்ந்தது ஒரு கிராமிலேயே அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் இருக்கக்கூடும். நோரியில் குறைவு. கழுவிச் சுத்தம் செய்த ஆல்ஜினேட், அகரில் பெரிதாகப் பயம் இல்லை, பாசியை அப்படியே அரைத்த பொடியில்தான் கவனம். ஹிஜிகி என்ற கறுப்புப் பாசியில் ஆர்சனிக் இருப்பதால் அதைச் சாப்பிடவே வேண்டாம் என்று பிரிட்டிஷ் உணவுத் தர அமைப்பு 2004-லேயே சொல்லிவிட்டது. இந்த டப்பாவில் அயோடின் அளவும் இல்லை, பாசி பெயரும் இல்லை. ஆகவே மனைவிக்கு ஒரு பைகூடக் கொடுக்கவில்லை. எதுவானாலும் தைராய்டு மாத்திரை போட்ட கையோடு நார்ப்பொடி குடிக்காதீர்கள், மாத்திரை உடம்பில் சேர்வது குறையும், நல்ல இடைவெளி விட வேண்டும் என்று மருந்துக்கடைத் தம்பியும் சொன்னான்.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது எதிர் வீட்டு அக்கா ஒருநாள் கிண்ணத்தோடு வந்தார். நோன்பு மாதம். இளநீர்க் கடல்பாசி. "தம்பி, கடல்பாசி கடல்பாசின்னு ஆன்லைன்ல ஆயிரக்கணக்குல வாங்குறீங்களாமே, இது என்ன மண்ணாங்கட்டியா?" என்றார். வெட்கமாகப் போயிற்று. நோன்பு திறக்கிற வீடுகளில் காலங்காலமாகப் போடுகிற அந்த வெள்ளை நூல் கட்டு, கடையில் சைனா கிராஸ் என்று கேட்டால் கொடுப்பதும், கடல்பாசி என்று கேட்டால் கொடுப்பதும் அகர்தான், ஏறக்குறைய முழுக்க நார். அதுவும் எங்கோ ஜப்பானில் செய்தது என்று இல்லை, மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்துப் பாசி என்று எடுப்பதும் கஞ்சிப்பாசி என்று எடுப்பதும் அகருக்குத்தான் போகிறது, மதுரையைச் சுற்றியே அகர் ஆலைகள் இருக்கின்றன. கட்டக்கோரை என்கிற பழுப்புப் பாசி ஆல்ஜினேட்டுக்கு. கடலில் இறங்குகிற நாட்களைத் தாங்களே குறைத்துக்கொண்டு பாசியைக் காப்பாற்றிய அந்தப் பெண்களின் சார்பில் பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி 2015-ல் தீவுகளின் இயற்கையைக் காக்கிறவர்களுக்குக் கொடுக்கிற சீகாலஜி விருது வாங்கினார். 2023-ல் ராமநாதபுரம் வலமாவூரில் 127.71 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல்லும் போட்டாயிற்று. இவ்வளவு பக்கத்தில் இருக்கிற சரக்குக்கு நான் ஜப்பானிய எழுத்தைப் பார்த்து மயங்கியிருக்கிறேன்.

அக்காவிடம் செய்முறை கேட்டு இப்போது வீட்டில் செய்கிறேன். 10 கிராம் நூலை அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கொதிக்கவிட்டு முழுக்கக் கரைய வேண்டும், கரையாத நூல் ஒன்று இருந்தாலும் வாயில் தட்டும். இறக்கிக் கொஞ்சம் ஆறியதும் இளநீரும் வழுக்கையும். ஃபிரிட்ஜே வேண்டாம், வெளியிலேயே உறையும், 40 டிகிரிக்குக் கீழே வந்தாலே பிடித்துக்கொள்ளும், திரும்ப உருக 85 வேண்டும். அக்கா போடுகிற ஒரு கப் சர்க்கரையை நான் போடுவதில்லை. போட்டால் ருசி வேறு மாதிரி இருக்கும், ஆனால் அப்புறம் எதற்கு இந்தக் கூத்து எல்லாம். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஒரு கிண்ணம். பாக்டீரியாவுக்கு விருந்தா என்று கேட்டால், ஹெஸ்ஸே அம்மாவைக் கேளுங்கள் என்பேன். தோசை குறைகிறது, அது போதும்.

காசுக் கணக்கு: பொடி நாளைக்கு 43 ரூபாய். வெறும் நார்தான் வேண்டும், மலச்சிக்கல்தான் பிரச்சினை என்றால் நாட்டு மருந்துக்கடையில் இசப்கோல் உமி இருக்கிறது, இதைவிடப் பல மடங்கு மலிவு, கொழுப்பைக் குறைப்பதில் அதற்கு இருக்கிற ஆதாரம் இந்தப் பொடியிடம் இல்லை, நாளைக்கு 7 கிராம் கரையும் நார் என்ற கணக்கில் இதய நோய் ஆபத்தைக் குறைக்கலாம் என்று லேபிளில் சொல்லிக்கொள்ள அமெரிக்காவில் 1998-லேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். பாக்டீரியாவுக்கு விருந்து வைக்கத்தான் ஆசை என்றால் பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, சின்ன வெங்காயம், பழைய சோறு, இவற்றுக்கெல்லாம் நம் குடலில் கத்திரி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

மதிப்பெண் போட வேண்டும் என்றால் ஐந்துக்கு இரண்டு. ஒன்று காலைக்கடனுக்கு, ஒன்று பை பையாகப் பிரித்துக் கொடுத்திருப்பதால் பயணத்துக்கு எடுத்துப் போக முடிந்ததற்கு. லேபிளில் பாசியின் பெயரையும் அயோடின் அளவையும் போட்டு, ஆல்ஜினேட்டைக் கூட்டி, மால்டோடெக்ஸ்ட்ரினை எடுத்தால் இன்னொன்று சேர்த்துத் தருவேன்.

மீதி 5 பை அடுப்படி அலமாரியில் இருக்கிறது. மைத்துனன் கேட்டிருக்கிறான், தரப்போகிறேன். மோரில் மட்டும் போடாதே என்று சொல்லியிருக்கிறேன், கட்டாயம் போடுவான்.